இளந்தீயும் பொறுமையும்

மருந்து காய்ச்சும் நம் சித்த வைத்தியர்கள் தீயை மூன்று வகையாகப் பிரித்துப் பெயரிட்டனர். விளக்கின் சுடரைப் போல் மெல்ல எரிவது தீபாக்கினி. தாமரை மலரைப் போல் விரிந்து நடுத்தரமாக எரிவது கமலாக்கினி. காட்டுத் தீயைப் போல் ஓங்கி எரிவது காடாக்கினி. இன்ன சரக்குக்கு இன்ன தீ என்பது அவர்கள் கண்ட முறை. தீ மிகுந்தால் சரக்கு கெடும். குறைந்தால் பக்குவம் கூடாது. மருந்துக்கு ஏற்பட்ட இம்முறை உணவுக்கும் பொருந்துவதே. எனினும் அடுக்களையில் நாம் இதனை அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஒரு பண்டம் வேகவில்லை என்றால் உடனே தீயைத் தூண்டுகிறோம். தீயைத் தூண்டினால் வேகும் பண்டங்கள் உண்டு. தீயைத் தணித்தால் மட்டுமே பக்குவப்படும் பண்டங்களும் உண்டு. இந்த இரண்டாம் வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டைப் பற்றி இன்று பேசுவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விடுமுறை நாட்களில் வீட்டு முற்றங்களிலும், தெருவோர உணவுச் சாலைகளிலும் மக்கள் விரும்பி உண்பது 'பார்பிகியூ' என்னும் புகையில் வாட்டிய இறைச்சி. அதிலும் பன்றியின் விலா எலும்போடு கூடிய இறைச்சிக்குத் தனி மதிப்பு உண்டு. அதனை வீட்டிலேயே மெத்தென்று சமைப்பது எவ்வாறு, அம்மென்மை எங்கிருந்து வருகிறது, அதனை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யாவர் என்பவற்றை முறையாகக் காண்போம். புலால் உண்ணாதவர்களும், பன்றி இறைச்சியைச் சமய நெறியால் விலக்கியவர்களும் நேயர்களுள் பலர் உளர் என்பதை நாம் அறிவோம். சமைக்கும் பொருளை விலக்கினாலும், அதனுள் அடங்கிய தீயின் இலக்கணம் யாவர்க்கும் பொதுவானது. ஆட்டு விலாவுக்கும் இதே முறை ஏறக்குறையப் பொருந்தும்.

முதலில், விலா இறைச்சி ஏன் கடினமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள விலங்கு மூச்சு விடும்போதெல்லாம் அதன் விலாப்புறத் தசைகள் விரிந்து சுருங்குகின்றன. இரவும் பகலும் ஓயாது உழைக்கும் தசைகள் அவை. உழைக்கும் தசைக்கு உறுதியான கட்டு வேண்டும். தசை நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, எலும்போடும் சேர்த்துக் கட்டும் இணைப்புத் திசுவில் 'கொலாஜன்' என்னும் புரதப் பொருள் நிறைந்திருக்கிறது. மூன்று புரிகள் முறுக்கிய கயிற்றைப் போன்ற அமைப்புடையது அது. முதுகுத் தண்டின் ஓரமாக உள்ள மென்தசையில் இக்கட்டுக் குறைவு. ஆதலால் அது விரைவில் வேகும், விலையும் மிகும். விலாவில் கட்டு மிகுதி; ஆதலால் அது விலை குறைந்த பகுதியாகப் பல காலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்தக் கொலாஜன் ஈரத்தோடு கூடிய வெப்பத்தில் மெல்ல மெல்லப் புரி பிரிந்து 'ஜெலட்டின்' என்னும் குழைவான பொருளாக மாறுகிறது. ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கூழ்போல் உறைந்து நிற்பதை நாம் அறிவோமல்லவா? அவ்வாறு உறையச் செய்வது இந்த ஜெலட்டினே. இம்மாற்றம் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடில் தொடங்குகிறது. 70 டிகிரிக்கு மேல் விரைவு பெறுகிறது. ஆனால் விரைவு என்றால் நிமிடக் கணக்கன்று, மணிக்கணக்கு. இதற்கிடையே மற்றொரு செயலும் நடைபெறுகிறது. வெப்பம் ஏற ஏறத் தசை நார்கள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. ஒருபுறம் கட்டு இளகுகிறது. மறுபுறம் தசை வறள்கிறது. தீ வலியதாக இருந்தால், கட்டு இளகுவதற்குள் தசை வறண்டு தோலாகிவிடும். தீ மெலிதாக இருந்தால், இளகிய ஜெலட்டின் நார்களுக்கிடையே பரவி, இழந்த ஈரத்தின் இடத்தில் நின்று, வாயில் வழுவழுப்பைத் தருகிறது. வன்மையை வெல்வது வன்தீ அன்று, காலமே என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வுண்மையை நுண்ணோக்கியின்றியே கண்டறிந்தவர்கள் உண்டு. 'பார்பிகியூ' என்னும் சொல், கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல்லிலிருந்து 'பார்பக்கோவா' என ஸ்பானிய மொழி வழியாக வந்தது என்பர் மொழி நூலார். கொம்புகளால் கட்டிய பரண்மீது இறைச்சியைக் கிடத்தி, கீழே தணிந்த தீயும் புகையும் இட்டு வாட்டுவது அம்மக்களின் வழக்கம். பன்றி அந்நிலத்துக்கு உரிய விலங்கன்று. கொலம்பஸின் 1493-ஆம் ஆண்டுப் பயணத்தில் அது கரீபியத் தீவுகளை அடைந்தது. 1539-இல் தெ சோட்டோ என்னும் ஸ்பானியர் அதனைப் புளோரிடாவில் கொண்டு இறக்கினார். பழங்குடியினரின் புகைப் பரணும், ஐரோப்பியரின் பன்றியும் இவ்வாறு ஒன்று சேர்ந்தன.

சேர்த்து வைத்தது மட்டும் கலையாகிவிடாது. அதனைக் கலையாக வளர்த்தவர்கள் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மரபினர். தோட்ட முதலாளிகளின் பெருவிருந்துகளுக்கு நீண்ட குழி வெட்டி, கட்டைகளைக் கங்காக்கி, இரவெல்லாம் விழித்திருந்து இறைச்சியைத் திருப்பித் திருப்பி வாட்டும் வேலை அவர்களுடையதாக இருந்தது. விருந்தின் புகழ் முதலாளிக்குச் சென்றது. தீயின் அருகே நின்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவேயில்லை. 1865-இல் அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது. அதன் பின் அம்மக்களுள் பலர் இக்கைத்திறனையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். 1910-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1970 வரையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களில் குடியேறினர். அவர்களோடு புகையடுப்பும் குடியேறியது.

அவர்களுள் பெயர் நிலைத்த ஒருவர் ஹென்றி பெர்ரி. டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகருக்கு அருகே பிறந்த இவர், மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த கான்சாஸ் சிட்டி நகருக்கு வந்து, 1908-ஆம் ஆண்டில் ஆடைத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதியில் புகையிலிட்ட இறைச்சியைச் செய்தித்தாளில் பொதிந்து விற்கத் தொடங்கினார். அந்நகரில் 1871 முதல் 1991 வரை இயங்கிய மாபெரும் கால்நடைச் சந்தை ஒன்று இருந்தது. நல்ல பகுதிகள் செல்வர் வீட்டுக்குச் செல்ல, விலை குறைந்த பகுதிகள் உழைப்பாளர் கைக்கு எட்டின. அவற்றைப் பொறுமையால் அமுதாக்கினார் பெர்ரி. 1940-இல் அவர் மறைந்த பிறகு அவரிடம் வேலை பழகிய சார்லி பிரையன்ட் தொழிலை ஏற்றார். 1946-இல் அவர் தம்பி ஆர்தர் பிரையன்ட் அதனை ஏற்று நடத்தினார். கான்சாஸ் சிட்டி இன்று உலகறிந்த பார்பிகியூ நகரமாக விளங்குவதற்கு வித்திட்டவர் செய்தித்தாளில் இறைச்சி பொதிந்து விற்ற அந்த மனிதரே. 2021-இல் ஏட்ரியன் மில்லர் என்னும் ஆய்வாளர், இக்கலையில் கறுப்பின மக்களின் பங்கைத் தொகுத்து ஒரு தனி நூலே வெளியிட்டுள்ளார். உண்பவர் சமைத்தவரை நினைப்பது நாகரிகத்தின் இலக்கணம். அந்நினைவு இங்குக் காலம் தாழ்ந்தேனும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஊருக்கு ஊர் இப்பண்டத்தின் சுவை வேறுபடும். கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புப் பாகும் சேர்ந்த இனிப்புக் குழம்பைத் தடவுவர். மெம்பிஸில் குழம்பின்றி உலர்ந்த மசாலைப் பொடியை மட்டும் தூவி உண்போர் மிகுதி. வட கரோலினாவின் கீழைப் பகுதியில் வினிகரும் மிளகாயும் கலந்த புளிப்பு நீரே போதும் என்பர். தென் கரோலினாவில் கடுகுக் குழம்புக்கு மதிப்பு. குழம்பு மாறினாலும் தீ மாறுவதில்லை என்பது இங்கு நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. எல்லா ஊரிலும் 105 முதல் 120 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில், மணிக்கணக்கில் வாட்டுவதே முறை.

இனி, நம் வீட்டில் இதனைச் செய்யும் வகையைக் காண்போம். விலா இறைச்சி இருவகைப்படும். முதுகெலும்பை ஒட்டிய மேற்பகுதியில் எலும்புகள் வளைந்து குட்டையாக இருக்கும். சதை சற்று மென்மையானது. வயிற்றுப் பக்கத்துக் கீழ்ப்பகுதியில் எலும்புகள் நீண்டு தட்டையாக இருக்கும். கொழுப்பும் கட்டும் மிகுதி, சுவையும் மிகுதி. இக்கீழ்ப்பகுதியின் நுனியில் உள்ள குருத்தெலும்பை அரிந்து நீக்கிச் செவ்வகமாக நறுக்கியதைச் செயின்ட் லூயி நகரின் பெயரால் வழங்குவர். நாம் எடுத்துக்கொள்வது இக்கீழ்ப்பகுதியே. கடைக்காரரிடம் எலும்பு எலும்பாகத் துண்டு போடாமல், முழுப் பாளமாகவே தரச் சொல்ல வேண்டும். துண்டு போட்டால் எல்லாப் பக்கமும் வறண்டுவிடும். ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையுள்ள பாளம் மூவர்க்குப் போதும்.

பாளத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், எலும்பின் உட்புறத்தில் காகிதம் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று பளபளவென்று ஒட்டியிருக்கும். எத்தனை மணி வெந்தாலும் அது மெத்தென்று ஆவதில்லை. மசாலையையும் உள்ளே விடாது. கரண்டிக் காம்பை ஓர் எலும்பின்மீது செலுத்திச் சவ்வை நெம்பி, துணியால் பற்றி இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் உரிந்து வந்துவிடும். பலர் வீட்டில் செய்த பண்டம் சவைக்க முடியாமற் போவதற்கு இச்சவ்வை விட்டுவைப்பதும் ஒரு காரணம்.

அடுத்தது பொடி. உப்பு 2 தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 3 மேசைக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த் தூள் 1 மேசைக்கரண்டி, மிளகுத் தூள் 2 தேக்கரண்டி, கடுகுத் தூள் 1 தேக்கரண்டி, பூண்டுத் தூள் 1 தேக்கரண்டி, சீரகத் தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்துகொள்ள வேண்டும். இறைச்சியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, இப்பொடியை இருபுறமும் பூசி, குளிர்பெட்டியில் இரவு முழுதும் வைத்தால் நன்று. இயலாவிடில் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். இப்பொருள்களுள் உப்பு ஒன்றே சதைக்குள் ஆழமாக ஊடுருவும். அஃது உட்புகுந்து ஈரத்தைக் காத்து நிற்கும். மற்றவை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கி, வாட்டும்போது மணமும் நிறமும் உடைய மேலோடாக மாறும்.

கரியடுப்பு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: இறைச்சிக்கு நேர் கீழே தீ இருத்தல் ஆகாது. 1952-இல் அமெரிக்கத் தொழிலாளர் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கும் மிதவைக் குண்டின் வடிவிலிருந்து மூடியோடு கூடிய உருண்டை அடுப்பு ஒன்றைச் செய்தார். புகையும் வெப்பமும் சுற்றிச் சுழல இடமளித்தது அம்மூடி. மூடியுள்ள எந்த அடுப்பிலும், கனிந்த கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் இறைச்சியை வைத்து, அதன் கீழ் நீருள்ள தட்டு ஒன்றை வைத்தால் இளஞ்சூடு கிட்டும். காற்றுத் துளைகளைத் திறந்தும் அடைத்தும் சூட்டை நிறுத்த வேண்டும். அமெரிக்கர் 'ஹிக்கரி' என்னும் மரத்தின் துண்டுகளைப் புகைக்கு இடுவர். நம் நாட்டில் நன்கு உலர்ந்த மாங்கட்டையோ கொய்யாக் கட்டையோ போதும். பிசின் மிகுந்த மரமும், வண்ணம் பூசிய பழைய மரமும் கூடா. புகை மெல்லியதாக நீலம் பாய்ந்து செல்ல வேண்டும். வெள்ளையாகக் குமுறினால் கசப்பு ஏறும். அமெரிக்க வீடுகளில் வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: 3 மணி புகையில், 2 மணி அலுமினியத் தாளில் பொதிந்து, 1 மணி மீண்டும் திறந்து வைத்து. ஆக 6 மணி நேரம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கரியடுப்பைத் திறந்த வெளியில் மட்டுமே மூட்ட வேண்டும். மழைக்கு அஞ்சியோ குளிருக்கு அஞ்சியோ அதனை வீட்டுக்குள்ளோ, மூடிய தாழ்வாரத்திலோ கொண்டு வருதல் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கம் வருவதைப் போல் வந்து உயிரையே மாய்த்துவிடும். தீ அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியும் நெடுநேரம் அவ்வாயுவை வெளியிடும்.

அடுக்கு வீடுகளில் வாழ்வோர்க்கு முற்றம் ஏது? அவர்களுக்கு மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவனே போதும். அதனை 120 டிகிரியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பொடி பூசிய பாளத்தை இரு மடிப்பு அலுமினியத் தாளில் காற்றுப் புகாதவாறு பொதிந்து, தட்டில் வைத்து, இரண்டரை முதல் 3 மணி நேரம் உள்ளே விட்டுவிடலாம். ஓவன் சிறிதானால் பாளத்தை நடுவில் இரண்டாக நறுக்கிக்கொள்வதில் தவறில்லை. தன் ஆவியிலேயே தான் வேகும் இந்நிலையில்தான் கொலாஜன் இளகுகிறது. பின்னர்த் தாளைத் திறந்து, திரண்ட சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்துக்கொண்டு, இறைச்சியைக் கம்பித் தட்டின்மீது வைத்து மேலும் 30 முதல் 45 நிமிடம் அதே சூட்டில் விட்டால், மேற்புறம் உலர்ந்து ஓடு பிடிக்கும்.

திறந்த புகையில் வாட்டுவோர் ஒரு விந்தையைக் காண்பர். இறைச்சியின் உட்சூடு 65 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே வந்து, 70 டிகிரி அளவில் திடீரென்று நின்றுவிடும். நெடுநேரம் நகராது. தீ குறைந்துவிட்டது என்று எண்ணிக் கரியை அள்ளிப் போடுவது பலரும் செய்வது. உண்மையில் தீ குறையவில்லை. இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானை நீர் குளிர்வது எவ்வாறோ, வியர்வை உலரும்போது உடல் குளிர்வது எவ்வாறோ, அவ்வாறே இதுவும் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. பொறுத்திருந்தால் ஈரம் குறைந்து சூடு மீண்டும் ஏறும். காத்திருக்க இயலாதபோது தாளில் பொதிந்துவிட்டால் ஆவி வெளியேறாது, தேக்கம் நீங்கும். நடுவில் 2 மணி நேரம் பொதியும் வழக்கத்தின் காரணம் இதுவே.

குழம்பைக் கடைசியில்தான் தடவ வேண்டும். ஒரு கோப்பை தக்காளி விழுது, கால் கோப்பை வினிகர், கால் கோப்பை நாட்டுச் சர்க்கரை, பொடியாக நறுக்கி வதக்கிய வெங்காயம் ஒன்று, கடுகுத் தூள், மிளகாய்த் தூள், உப்பு ஆகியவற்றோடு முன்னர் வடித்த சாற்றிலும் சிறிது சேர்த்து, 20 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டால் குழம்பு கெட்டியாகும். சர்க்கரை 160 டிகிரியைக் கடந்தால் நிறம் மாறத் தொடங்கும். மேலும் சூடேறினால் கரிந்து கசக்கும். முதலிலேயே குழம்பைப் பூசி நெருப்பில் காட்டுவோர் வெளியே கரியும் உள்ளே தோலுமான பண்டத்தையே பெறுவர். ஆதலால் எல்லாம் வெந்த பின், ஓவனை 200 டிகிரிக்கு உயர்த்தி, குழம்பை மெல்லியதாகப் பூசி, 5 முதல் 8 நிமிடம் வைத்து எடுத்தால் பளபளப்பான மேற்பூச்சு அமையும். எடுத்தபின் 10 நிமிடமாவது ஆறவிட்டு, எலும்புக்கு எலும்பு நறுக்கிப் பரிமாறலாம்.

பக்குவம் வந்ததை அறிவது எப்படி? எலும்பு நுனிகளிலிருந்து சதை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கியிருக்கும். பாளத்தை ஒரு முனையில் இடுக்கியால் பற்றித் தூக்கினால் வளைந்து தொங்கி, மேற்பரப்பில் வெடிப்புக் காணும். வெப்பமானி இருந்தால் சதையின் நடுவில் 90 முதல் 95 டிகிரி காட்டும். எலும்பைத் தொட்டதும் சதை முழுதும் கழன்று விழுவதே சிறந்தது என்று பலர் எண்ணுவர். ஆனால் அமெரிக்கப் போட்டிகளில் அதனை மிகையாக வெந்தது என்றே நடுவர்கள் கொள்வர். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வந்து, மற்றச் சதை எலும்பில் நிற்பதே அவர்கள் விரும்பும் பதம். சோறு குழையாமல் வேவதைப் பதம் என்கிறோம். அதே பதம்தான் இதுவும். புகையில் வெந்த இறைச்சியை நறுக்கினால் விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்பு வளையம் தோன்றும். அது வேகாத சதையன்று. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு சதையின் செந்நிறப் பொருளோடு கூடி நிலைப்படுத்திய நிறம்.

நிற்க. பன்றி இறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும் என்று நம் பெரியோர் வற்புறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. அரைவேக்காட்டு இறைச்சியில் நாடாப்புழுவின் கட்டிகள் இருப்பின், அவை உண்பவர் குடலில் புழுவாக வளரும். அப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை வழியாகவோ, நீர், காய்கறி வழியாகவோ மற்றொருவர் வயிற்றுக்குள் சென்றால், மூளையில் கட்டிகள் தோன்றி வலிப்பு நோய் உண்டாகக் கூடும். பன்றி இறைச்சியைத் தீண்டாதவர்க்கும் இந்நோய் வருவது இதனாலேயே. தடுக்கக் கூடிய வலிப்பு நோய்க் காரணங்களுள் இது முதன்மையான ஒன்று என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே நல்ல கொட்டிலில் வளர்ந்து, முறையான சோதனைக்கு உட்பட்ட இறைச்சியை வாங்குவதும், பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவுவதும், நன்றாக வேகவைப்பதும் ஒரு வீட்டை மட்டுமன்றி ஊரையே காப்பவை. அமெரிக்க வேளாண் துறை 2011-இல் வகுத்த விதிப்படி முழுத் துண்டான பன்றி இறைச்சிக்கு 63 டிகிரி உட்சூடும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் போதும். விலா இறைச்சியோ 90 டிகிரியைத் தாண்டிய பிறகே மெத்தென்று ஆகிறது. மென்மை கருதிப் பொறுத்திருப்பவர் பாதுகாப்பை எப்போதோ கடந்து வந்திருப்பார்.

பிரஷர் குக்கரில் வைத்தால் என்ன என்று சில நேயர்கள் வினவலாம். தக்க வினாவே. குக்கருள் நீராவி ஏறத்தாழ 120 டிகிரியை அடைவதால், பல மணி நேர வேலையை 20, 25 நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால் சாரம் நீரில் இறங்கிவிடும். மேலோடும் புகை மணமும் அமையா. வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் இல்லத்தார், விலாவைத் துண்டுகளாக்கிச் சிறிதளவு நீரோடு குக்கரில் வைத்து, அந்நீரைக் குழம்பில் சேர்த்து வற்றவைத்து, துண்டுகளின்மேல் தடவி ஓவனில் 10 நிமிடம் வாட்டினால், முழுச் சுவை இல்லாவிடினும் மென்மை உறுதியாகக் கிட்டும். ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமையில் மற்ற முறையைக் கைக்கொள்ளலாம்.

இக்கலை நமக்கு முற்றிலும் அயலானது என்றும் எண்ண வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி பாரதத்தில் ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன; அவற்றுள் 21 இலட்சம் அஸ்ஸாமில் மட்டும். நாகாலாந்திலும் மிஜோரத்திலும் அடுப்பின்மேல் தொங்கவிட்ட பரணில் பன்றி இறைச்சியைப் புகையில் வாட்டிக் காப்பது தொன்றுதொட்ட வழக்கம். மேகாலயத்துக் காசி மக்கள் கருப்பு எள்ளோடு அதனைச் சமைப்பர். குடகில் கச்சம்புளி என்னும் கரிய புளிச்சாறு சேர்த்த பன்றிக் குழம்பு பெரும் புகழ் வாய்ந்தது. கோவாவின் விண்டாலு, போர்ச்சுகீசியரின் வினிகரும் பூண்டும் நம் நாட்டு மசாலையோடு கூடிப் பிறந்தது. புகை, புளிப்பு, நெடுநேரச் சூடு என்னும் மூன்றும் இவற்றிலெல்லாம் வெவ்வேறு அளவில் அமைந்திருப்பதைக் காண்கிறோம். கடல்கள் பிரித்த மக்கள் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டறிந்தனர்.

விலை குறைந்தது என்று ஒதுக்கிய பகுதியை, அதனினும் சிறந்தது இல்லை என்னும்படி ஆக்கியவர்கள் செல்வம் படைத்தவர்கள் அல்லர். அவர்களிடம் இருந்தவை தணிந்த தீயும் காத்திருக்கும் மனமுமே. நம் வீட்டு அடுப்பில் இதனை முயலும் நாளில், இறைச்சி இன்னும் வேகவில்லையே என்று கை தானாகவே தீயைத் தூண்டப் போகும். அப்போது கையைச் சற்றே நிறுத்தி, மூடியை மூடிவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்போமாக.